கண்ணைத் தாக்கும் வைரஸ்கள்: எந்த நோய்க்கு எந்த மருந்து?

மழைக்காலம் தொடங்கியதும் நாட்டின் பல நகரங்களில் கண் சிவந்து, நீர் வடிந்து, இமை ஒட்டிக்கொண்ட நிலையில் மருந்துக் கடைகளுக்கு வருவோரின் எண்ணிக்கை கூடுவது ஆண்டுதோறும் காணப்படும் காட்சி. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தில்லி உள்ளிட்ட பல மாநிலங்களில் இந்த நோய் வேகமாகப் பரவியது. கடைக்கு வருவோரில் பெரும்பாலானோர் மருத்துவரைப் பார்க்காமலேயே ஏதேனும் ஒரு சொட்டு மருந்தை வாங்கிச் செல்கின்றனர். பத்து நாட்களில் கண் தெளிந்துவிடுகிறது. அந்த மருந்தே குணப்படுத்தியது என்ற நம்பிக்கையும் நிலைபெற்றுவிடுகிறது.

இந்த நம்பிக்கையில்தான் ஆபத்து இருக்கிறது. கண் சிவப்பு என்பது ஒரே நோய் அன்று. அதனை உண்டாக்கும் வைரஸ்கள் பல. அவற்றுள் சில தாமே அடங்கிவிடும். அவற்றுக்கு மருந்தே தேவையில்லை. வேறு சில, உரிய மருந்து உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால் நிரந்தரமாகப் பார்வையைப் பறித்துவிடும். கண்நோய்களுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் எவை, அவை எவ்வாறு செயல்படுகின்றன, எந்த நோய்க்கு எது பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னைக் கண் நோய்க்கு மருந்து உண்டா?

‘மெட்ராஸ் ஐ’ என்று நாடு முழுவதும் அறியப்படும் வெண்படல அழற்சியைப் பெரும்பாலும் உண்டாக்குவது அடினோ வைரஸ். 1918-ஆம் ஆண்டு சென்னையில் முதலில் கண்டறியப்பட்டதால் நோய்க்கு இப்பெயர் வந்தது என்பது பரவலான கூற்று. கண்ணின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய படலம் அழற்சி அடைவதே இந்நோய். ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாட்களில் மற்றொரு கண்ணுக்கும் பரவும். காதுக்கு முன்புறம் நெறி கட்டுவதும், சளி, தொண்டை வலி உடன் வருவதும் உண்டு.

அடினோ வைரஸால் வரும் இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து இதுவரை எதுவும் இல்லை. ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராகப் பயன்படும் அசைக்ளோவிர் இங்கு வேலை செய்யாது. அந்த மருந்தை முடுக்கிவிடத் தேவையான நொதி அடினோ வைரஸிடம் இல்லாததே காரணம். சிடோஃபோவிர் என்ற மருந்தைச் சொட்டு வடிவில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். ஆனால், அது கண்ணுக்கே நஞ்சாக அமைந்ததால் பயன்பாட்டுக்கு வரவில்லை. கான்சிக்ளோவிர் ஜெல், போவிடோன் அயோடின் கரைசல் ஆகியவையும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டுள்ளன. எனினும், அனைவருக்கும் பரிந்துரைக்கத்தக்க உறுதியான முடிவு கிட்டவில்லை.

ஆகவே, இந்நோய்க்குச் சிகிச்சை என்பது பெரும்பாலும் ஆறுதல் அளிப்பதே. குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியால் ஒத்தடம், கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்து, ஓய்வு ஆகியவை போதும். நோய் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் அடங்கிவிடும். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துகள் பாக்டீரியாக்களுக்கு எதிரானவை. வைரஸை அவை ஒன்றும் செய்யா. பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருப்பதாக மருத்துவர் கருதினால் மட்டுமே அவை தேவைப்படும்.

அடினோ வைரஸின் சில வகைகள், குறிப்பாக 8, 37 ஆகிய எண்களால் குறிக்கப்படுபவை, கருவிழியையும் தாக்கக்கூடும். அப்போது வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். கருவிழியில் படியும் சிறு புள்ளிகள் சில மாதங்கள்கூட நீடிக்கலாம். இத்தகைய நிலையில் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு அவசியம்.

ஒரே நாளில் சிவக்கும் கண்

இதைப் போலவே வேகமாகப் பரவும் மற்றொரு நோய், இரத்தக் கசிவுடன் கூடிய வெண்படல அழற்சி. என்டரோ வைரஸ் 70, காக்ஸாக்கி ஏ24 ஆகிய வைரஸ்கள் இதற்குக் காரணம். தொற்றிய 24 மணி நேரத்திற்குள்ளாகவே அறிகுறிகள் தோன்றலாம். 1969-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் முதன்முதலாகப் பெருமளவில் காணப்பட்ட இந்நோய், மனிதன் நிலவில் கால்பதித்த காலத்தில் பரவியதால் அங்கு ‘அப்பல்லோ நோய்’ எனப்பட்டது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது கொல்கத்தாவிலும் அகதி முகாம்களிலும் பரவியபோது, ‘ஜொய் பங்ளா’ என்ற போர் முழக்கமே நோயின் பெயராயிற்று. இந்த வைரஸ்களுக்கும் குறிப்பிட்ட எதிர்ப்பு மருந்து கிடையாது. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்திற்குள் குணமாகிவிடும்.

மருந்து இல்லாத இந்நோய்களில் தடுப்பே சிகிச்சையாகிறது. துண்டு, தலையணை உறை, கண் மை, சொட்டு மருந்துக் குப்பி ஆகியவற்றைப் பிறருடன் பகிரக் கூடாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவது சிறந்தது. அடினோ வைரஸுக்கு வெளிப்புறக் கொழுப்பு உறை இல்லாததால், சாராயம் கலந்த கைத்திரவங்கள் அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. கதவுப் பிடி, மேசை போன்ற உலர்ந்த பரப்புகளில் இந்த வைரஸ் பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். நோயுற்றவரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது உண்மையன்று. கண்ணீர் பட்ட கையும் பொருளுமே நோயைக் கடத்துகின்றன.

ஹெர்பிஸ்: காத்திருக்கக் கூடாத நோய்

வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் உண்மையிலேயே பார்வையைக் காப்பாற்றும் இடம், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வரும் கருவிழி அழற்சி. உதட்டோரத்தில் கொப்புளங்களை உண்டாக்கும் அதே வகை வைரஸ்தான் இது. பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே தொற்றிவிடும். பின்னர் முகத்திற்கு உணர்வு தரும் முப்பிரிவு நரம்பின் முடிச்சில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், மன உளைச்சல், கண் அறுவைச் சிகிச்சை, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவு போன்ற சூழல்களில் விழித்தெழுந்து, நரம்பு வழியே கருவிழியை வந்தடையும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இந்நோய் பெரும்பாலும் ஒரு கண்ணையே தாக்கும். உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை அறிகுறிகள். ஃபுளோரசீன் என்ற சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழியின் மேல் மரக்கிளைபோல் கிளைவிட்ட புண் பச்சை நிறத்தில் ஒளிரும். பாதிக்கப்பட்ட கருவிழியில் தொடு உணர்வு குறைந்திருப்பதும் ஒரு முக்கிய அடையாளம். மருத்துவர் பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டு இதனைச் சோதிப்பார். வலி குறைவாக இருப்பதால் நோயும் சிறியது என்று நோயாளி எண்ணிவிடுவதற்கு இந்த உணர்வுக் குறைவே காரணமாகிவிடுகிறது.

முதல் மருந்து கண்ணுக்கே வந்தது

மருத்துவ வரலாற்றில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் வைரஸ் எதிர்ப்பு மருந்து, கண்நோய்க்காகவே வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் புருசாஃப், 1950-களின் இறுதியில் ஐடாக்சியூரிடின் என்ற சேர்மத்தை உருவாக்கினார். புற்றுநோய் ஆய்வின் பகுதியாகப் பிறந்த அதனை, கண் மருத்துவர் ஹெர்பர்ட் காஃப்மன் 1962-இல் ஹெர்பிஸ் கருவிழிப் புண்ணுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். 1963-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. வைரஸை மருந்தால் வெல்ல இயலும் என்பதை உலகுக்குக் காட்டிய முதல் சான்றுகளில் இது ஒன்று.

ஆனால், ஐடாக்சியூரிடினுக்கு ஒரு குறை இருந்தது. வைரஸின் டி.என்.ஏ.வையும் நலமான உயிரணுவின் டி.என்.ஏ.வையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரண்டிலும் புகுந்து கெடுத்தது. அதனால் நீண்ட நாள் இட்டால் கருவிழியின் மேற்படலமே சேதமுற்றது. அடுத்து வந்த விடாராபின், 1980-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரைஃபுளூரிடின் ஆகியவை திறன் மிக்கவையாக இருந்தன. எனினும், டிரைஃபுளூரிடினை விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இட வேண்டியிருந்தது. கண்ணுக்கு நஞ்சாகும் தன்மையும் முற்றிலும் நீங்கவில்லை.

அசைக்ளோவிர் செய்த மாற்றம்

இந்தக் குறையைப் போக்கியது அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஹோவர்ட் ஷேஃபர், கெர்ட்ரூட் எலியன் ஆகியோரின் குழு 1970-களில் இதனை உருவாக்கியது. மருந்தாக்கத்தின் அடிப்படைக் கோட்பாடுகளைக் கண்டறிந்ததற்காக எலியனுக்கு 1988-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

அசைக்ளோவிரின் சிறப்பு, அது உறங்கும் மருந்தாக உடலுக்குள் செல்வதே. ஹெர்பிஸ் வைரஸ் புகுந்த உயிரணுவில் மட்டும், தைமிடின் கைனேஸ் என்ற வைரஸின் சொந்த நொதி அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அதனை எழுப்புகிறது. பின்னர் உயிரணுவின் நொதிகள் மேலும் இரண்டு பாஸ்பேட்டுகளைச் சேர்க்கின்றன. இவ்வாறு முழு வடிவம் பெற்ற மருந்து, வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் பெருக்கும் வேலையை இடையிலேயே நிறுத்திவிடுகிறது. தொற்றில்லாத உயிரணுவில் எழுப்பும் நொதி இல்லை என்பதால் அங்கு மருந்து பெரும்பாலும் செயலற்றே கிடக்கிறது. பூட்டை உடைக்காமல், திருடனின் சாவியாலேயே திருடனைப் பூட்டும் உத்தி இது எனலாம்.

இந்தியாவில் ஹெர்பிஸ் கருவிழிப் புண்ணுக்குப் பரவலாகப் பயன்படுவது 3 சதவீத அசைக்ளோவிர் கண் களிம்பு. வழக்கமாக ஒரு நாளைக்கு 5 முறை இடப்படுகிறது. உலகச் சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 0.15 சதவீத கான்சிக்ளோவிர் ஜெல் மற்றொரு தேர்வு. புண் ஆறும் வரை நாளொன்றுக்கு 5 முறையும், அதன்பின் ஒரு வாரத்திற்கு 3 முறையும் இது இடப்படுகிறது. களிம்பு இட இயலாத சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் வாய்வழி மருந்தாகத் தரப்படுவதுண்டு. அளவையும் கால வரையறையையும் கண் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புண் ஆறிய பின்னும் களிம்பை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருந்தே கருவிழியைப் புண்படுத்தும்.

ஸ்டீராய்டு: இரு முனைக் கத்தி

கண் சிவப்புக்காகக் கடையில் தாமாக வாங்கும் சொட்டு மருந்துகளில் மிகவும் ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்தது. அதனை இட்ட சில மணி நேரத்திலேயே சிவப்பு குறைந்து, வலி தணியும். ஆனால், அழற்சி தணியும்போது கண்ணின் பாதுகாப்பும் தணிகிறது. கருவிழியில் இருப்பது ஹெர்பிஸ் புண்ணாக இருந்தால், வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகி, மரக்கிளை வடிவப் புண் விரிந்து வரைபடம்போல் பெரும்பரப்பில் பரவும். கருவிழி மெலிந்து துளைபடும் அபாயமும் உண்டு. நீண்ட நாள் பயன்பாடு கண் அழுத்த நோய்க்கும் கண்புரைக்கும் வழிவகுக்கும்.

இதே ஸ்டீராய்டு, வேறொரு நிலையில் பார்வையைக் காக்கவும் செய்கிறது. வைரஸ் கருவிழியின் உள் அடுக்கைத் தாக்கும்போது சேதத்தின் பெரும்பகுதியை உண்டாக்குவது உடலின் எதிர்ப்பு வினையே. அமெரிக்க தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் நடைபெற்ற ஹெர்பிஸ் கண்நோய் ஆய்வு, இத்தகைய நோயாளிகளுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பாதுகாப்புடன் ஸ்டீராய்டு சொட்டு தருவது நோய் மோசமாவதைக் குறைக்கிறது என 1994-இல் தெரிவித்தது. மேற்படலப் புண்ணில் நஞ்சாவது, உள் அடுக்கு அழற்சியில் மருந்தாகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஸ்லிட் லேம்ப் கருவியில் பயிற்சி பெற்ற கண் தேவை. கடைக்காரரின் அனுபவம் அதற்கு ஈடாகாது.

திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க

ஹெர்பிஸ் கண்நோயின் உண்மையான கொடுமை, அது மீண்டும் மீண்டும் வருவதே. ஒவ்வொரு முறையும் கருவிழியில் சிறிது தழும்பு மிஞ்சுகிறது. தழும்புகள் சேர்ந்து பார்வையை மறைக்கின்றன. மருந்துகள் வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கின்றனவேயன்றி, நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸை அகற்றுவதில்லை.

மேற்கூறிய ஆய்வுக் குழு 703 நோயாளிகளிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு வழிகாட்டியது. ஓராண்டுக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரையை 2 வேளை உட்கொண்டவர்களில் 19 சதவீதத்தினருக்கே நோய் திரும்பியது. வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் இது 32 சதவீதமாக இருந்தது. அடிக்கடி நோய் திரும்புவோருக்கும், கருவிழி மாற்று அறுவை செய்துகொண்டோருக்கும் நீண்டகாலத் தடுப்பு மாத்திரை இன்று பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவே அடிப்படை. பொருத்தப்பட்ட கருவிழியையும் வைரஸ் மீண்டும் தாக்கக்கூடும். தானமாகக் கிடைத்த ஒரு கருவிழியைக் காப்பதில் இந்தச் சிறு மாத்திரைக்கும் பங்குண்டு.

அக்கியும் 72 மணி நேரமும்

சின்னம்மையை உண்டாக்கும் வைரஸும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. சின்னம்மை குணமான பின்னும் அது நரம்பு முடிச்சுகளில் தங்கியிருந்து, முதுமையிலோ எதிர்ப்பு ஆற்றல் குன்றும்போதோ அக்கியாக வெளிப்படுகிறது. நெற்றி, மேல் இமை, மூக்கு ஆகியவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலுடன் கொப்புளங்கள் வந்தால் அது கண் அக்கி. மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ கொப்புளம் தோன்றுவது, கண்ணுக்குள்ளும் நோய் இறங்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. அந்த இரு பகுதிகளுக்கும் ஒரே நரம்புக் கிளை செல்வதே காரணம்.

இந்நோயில் களிம்பு போதாது. வாய்வழி மருந்தே முதன்மையானது. கொப்புளங்கள் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளொன்றுக்கு 5 வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 1 கிராம் 3 வேளை என 7 முதல் 10 நாட்கள் வரை தருவது பொதுவான முறை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு குறைக்கப்படும். மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் போதிய நீர் அருந்த வேண்டும். 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் மருத்துவரை நாடாமல் இருந்துவிடக் கூடாது. கண் பாதிக்கப்பட்டிருந்தால் அதன் பின்னரும் மருந்து தரப்படுவதுண்டு.

தமிழகத்தின் பல ஊர்களில் அக்கி வந்தவரைக் குயவரிடம் அழைத்துச் சென்று செங்காவியால் ‘அக்கி எழுதும்’ வழக்கம் இன்றும் உள்ளது. மன ஆறுதலுக்கு அது உதவலாம். ஆனால், முகத்தில் வந்த அக்கிக்கு மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்வது என்பது, மருந்து நன்கு பலிக்கக்கூடிய அந்த 72 மணி நேரத்தை இழப்பதாகும். கண்ணில் தாய்ப்பால், மூலிகைச் சாறு விடுவதும் புண்ணுள்ள கருவிழியில் புதிய தொற்றை வரவழைக்கும். அக்கியைத் தடுக்கும் தடுப்பூசி 50 வயதைக் கடந்தோருக்கு 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது.

விழித்திரையை அழிக்கும் வைரஸ்கள்

கண்ணின் பின்புறத்தில் நிகழும் தொற்றில் கண் சிவப்பதோ வலிப்பதோ இல்லாமலும் இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்று முற்றி, எதிர்ப்பு ஆற்றலைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 50-க்குக் கீழே சரிந்தவர்களைச் சைட்டோமெகலோ வைரஸ் தாக்குகிறது. கண் முன் புள்ளிகள் மிதப்பது, பார்வையின் ஒரு பகுதி மறைவது ஆகியவை அறிகுறிகள். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோருக்கும் இந்நோய் வரலாம்.

இதற்கான மருந்துகள் எய்ட்ஸ் நோயின் கொடிய காலத்தில் அடுத்தடுத்து வந்தன. கான்சிக்ளோவிர் 1989-இலும், ஃபாஸ்கார்னெட் 1991-இலும், சிடோஃபோவிர் 1996-இலும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. 2001-இல் வந்த வால்கான்சிக்ளோவிர் மாத்திரை, நரம்பு வழி ஊசியின் சுமையைக் குறைத்தது. நோயின் தீவிரத்தைப் பொறுத்து, கான்சிக்ளோவிரை ஊசி மூலம் கண்ணுக்குள்ளேயே செலுத்துவதும் உண்டு. கான்சிக்ளோவிர் எலும்பு மஜ்ஜையின் செயலைக் குறைக்கும். ஃபாஸ்கார்னெட்டும் சிடோஃபோவிரும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே இரத்தப் பரிசோதனையுடன் மட்டுமே இவை தரப்படுகின்றன. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் வழங்கப்படும் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை, எதிர்ப்பு ஆற்றலை மீட்பதன் மூலம் இந்நோயைத் தடுக்கும் முதன்மை வழியாக விளங்குகிறது.

நலமாக இருப்பவர்களையும் தாக்கும் மற்றொரு நோய், விழித்திரை விரைவாக அழுகும் நிலை. சின்னம்மை வைரஸ் அல்லது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இதற்குக் காரணம். சில நாட்களிலேயே விழித்திரை அழிந்து, பின்னர் பிரிந்துவிடும் அபாயம் கொண்ட இந்நோயில், அசைக்ளோவிரை நரம்பு வழியாகவோ, வாலசைக்ளோவிரை உயர்ந்த அளவில் வாய்வழியாகவோ உடனே தொடங்குவர். மற்றொரு கண்ணுக்குப் பரவாமல் தடுக்க மாதக்கணக்கில் மாத்திரை தொடரும்.

எப்போது உடனே மருத்துவரை நாட வேண்டும்?

சிவந்த கண் அனைத்தும் ஆபத்தானதன்று. ஆனால், கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்ப்பது நலம்:

* பார்வை மங்குதல், அல்லது கண் முன் நிழல், புள்ளிகள் தோன்றுதல்
* வெளிச்சத்தைப் பார்க்க இயலாத கூச்சம், கடும் வலி
* ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு நீடித்தல், குறிப்பாக முன்பும் அதே கண்ணில் வந்திருத்தல்
* கருவிழியில் வெண்புள்ளி தென்படுதல்
* நெற்றி, இமை, மூக்கில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள்
* கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவத்தல். அதனை உடனே கழற்றிவிட வேண்டும்
* பிறந்த குழந்தைக்குக் கண் சிவத்தல் அல்லது சீழ் வடிதல்
* எச்.ஐ.வி. தொற்று, உறுப்பு மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றுக்கு உள்ளானோரின் எந்தப் பார்வை மாற்றமும்

மருத்துவரிடம் செல்லும்போது, ஏற்கெனவே இட்ட மருந்தின் குப்பியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்பது, நோயைக் கணிக்கவும் சிகிச்சையை முடிவு செய்யவும் பெரிதும் உதவும். முன்பு மீந்த மருந்தையோ, அண்டை வீட்டாருக்கு எழுதித் தந்த மருந்தையோ பயன்படுத்தக் கூடாது. இன்று நம்மிடம் உள்ள வைரஸ் எதிர்ப்புக் கண் மருந்துகளுள் பெரும்பாலானவை ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களுக்கு எதிரானவையே. மழைக்காலத்தில் வரும் பரவலான கண்நோய்க்கு அவை தேவையில்லை; ஹெர்பிஸ் நோய்க்கு அவை இன்றியமையாதவை. எந்தக் கண்ணில் எந்த நோய் என்பதைச் சோதனையால் அறிந்த பின்னரே மருந்தைத் தொட வேண்டும்.